டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையும் விழுங்கற் செயற்பாடும்

சமிபாட்டுத் தொகுதி பற்றிய அலகில் விழுங்கலை நீங்கள் கற்றிருப்பீர்கள். நாக்கு உணவுத் திரளைத் தொண்டைக்குத் தள்ளும். மென்னண்ணம் உயர்ந்து மூக்குக்குழியை அடைக்கும். குரல்வளை மேலெழ, மூச்சுக்குழல்வாய்மூடி அதன் வாயிலை மூடும். சுவாசம் ஒரு கணம் நிற்க, உணவு களத்தினுள் இறங்கும். விடைத்தாளில் நான்கு வரிகளில் முடிந்துவிடும் விடயம்தான். ஆயினும் இதற்குப் பல தசைகள் ஒழுங்கு தவறாது இயங்க வேண்டும். அந்த ஒழுங்கு பிசகினால் என்ன நேரும் என்பதை டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலரிடம் காணலாம்.

இந்நிலையை 1866இல் ஜோன் லாங்டன் டவுன் என்னும் ஆங்கிலேய வைத்தியர் விபரித்தார். 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாக இருப்பதே காரணம் என்பது 1959இல் வெளியிடப்பட்டது. எனவே இவர்களுள் பெரும்பாலானோரின் கலங்களில் 47 நிறமூர்த்தங்கள் உள்ளன. இது தொற்றுநோயன்று, பெற்றோரின் தவறுமன்று.

இக்குழந்தைகளின் தசைகள் பிறப்பிலேயே தளர்வானவை. உதடுகள் முலைக்காம்பை இறுகப் பற்றாமையால் பால் வாயோரம் வழியும். குழந்தை விரைவில் களைத்து உறங்கிவிடும். ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறைபாடும் இருப்பதால், உறிஞ்சும்போது மூச்சு வாங்குவதுமுண்டு. “நாக்கு பெரியது” என மாணவர் பலர் எழுதுவர். பெரும்பாலும் நாக்கன்று, மேல்தாடையும் வாய்க்குழியுமே சிறியவை. இடம் போதாமையால் நாக்கு வெளியே தள்ளும். பற்களும் பிந்தியே முளைக்கும். ஆகவே திண்ம உணவை மெல்ல முடியாமல் பிள்ளை துப்புகின்றது. இதனை அடம் எனக் கருதி வற்புறுத்தி ஊட்டுவது தவறு மட்டுமன்று, ஆபத்துமாகும்.

ஆபத்து எது? உணவோ நீரோ களத்துக்குச் செல்லாது வாதனாளியினுள் புகுதலாகும். எமக்குப் புரையேறினால் உடனே இருமுவோம். அது பாதுகாப்பளிக்கும் ஒரு தெறிவினை. இப்பிள்ளைகள் சிலரில் அத்தெறிவினை தோன்றுவதில்லை. நீர் சத்தமின்றிச் சுவாசப்பையை அடைகின்றது. இதனை ‘மௌனப் புரையேறல்’ எனலாம். விரைந்து பாயும் நீர்த்தன்மையான பானங்களிலேயே இது கூடுதலாக நிகழும். உணவருந்தியபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், கண் கலங்கல், நிறை கூடாமை, அடிக்கடி நியூமோனியா ஏற்படல் என்பன கவனிக்க வேண்டிய அறிகுறிகள். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்-கதிர் அசையும் படமாக எடுத்து இதனை உறுதிசெய்வர்.

பிள்ளையை நிமிர்த்தி அமர்த்தி, சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு ஊட்டுதல் வேண்டும். பானத்தைத் தடிப்பாக்குவது வீட்டார் தாமாக முடிவுசெய்யும் காரியமன்று. பேச்சுச் சிகிச்சையாளர் பரிசோதித்தே கூறுவார். (பேச்சுச் சிகிச்சையாளருக்கு உணவூட்டலில் என்ன வேலை எனச் சிலர் கேட்பர். பேசுவதும் விழுங்குவதும் பெரும்பாலும் அதே உறுப்புகளாலேயே நிகழ்கின்றன.) தாய்ப்பால் கொடுக்க இயலாது என்பதும் தவறான எண்ணமாகும். தகுந்த உதவியுடன் பல தாய்மார் கொடுக்கின்றனர்.

பயிற்சி வினா: டவுன் சிண்ட்ரோம் உள்ள இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே ஆண்டில் மூன்று தடவை நியூமோனியா ஏற்பட்டது. நீர் அருந்தும்போது பிள்ளை ஒருபோதும் இருமியதில்லை, ஆகவே விழுங்கலில் குறையில்லை எனத் தாய் கூறுகின்றார். இக்கூற்றை ஏற்பீரா? காரணம் தருக.

குறிப்பு: இருமல் ஒரு தெறிவினை என்பதிலிருந்து விடையைத் தொடங்குக.