ஒரே உலை, வெவ்வேறு உரிமைகள்
மறுமணக் குடும்பத்தில் செலவுப் பங்கீடு குறித்து

சென்னையின் மேற்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் ஆவடியின் படைக்கலத் தொழிற்சாலைகளையும் நம்பி வந்து குடியேறிய குடும்பங்கள் பல. பூந்தமல்லி வரை பரந்துள்ள இக்குடியிருப்புகளில் ஷாஃபிஈ மத்ஹபினரும் ஹனஃபி மத்ஹபினரும் ஒரே பள்ளிவாசலில் அணிவகுத்து நிற்கின்றனர். கணவனை இழந்தோர், மனைவியை இழந்தோர், மணவிலக்குப் பெற்றோர் ஆகியோர் மறுமணம் செய்துகொள்வதும் இங்கு நடைபெறுகிறது. மார்க்கம் ஊக்குவிக்கும் நற்செயல் அது. ஆயினும், நிக்காஹ் மேடையில் மஹரைப் பேசுகின்ற நாம், அவ்விருவரின் பிள்ளைகளுக்கும் ஆகும் செலவு யாருடையது என்பதைப் பேசுவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒருவர் என்னிடம் வந்தார். “மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்குச் செலவு செய்வது என்மீது கடமையா, ஹஜ்ரத்?” என்று கேட்டார். “கடமையில்லை” என்று ஒரே சொல்லில் விடையளித்தேன். சட்டப்படி அவ்விடை சரியே. சில மாதங்கள் கழித்து, அவ்வீட்டில் அப்பிள்ளைகளுக்கெனத் தனிப் பால் பாக்கெட்டும் தனி அரிசிப் பையும் வைக்கப்பட்டிருப்பதாக அறிந்தேன். அவர் என் விடையை மீறவில்லை, அதைப் பின்பற்றியிருந்தார். பாதி விடை தந்தவன் நான்தான் என்பதை அன்று உணர்ந்தேன். மீதி விடையை இங்கே எழுத முற்படுகிறேன்.

முதலில் கடமைகளை வரிசைப்படுத்திக் கொள்வோம். மனைவியின் உணவு, உடை, உறைவிடம் ஆகியவை கணவனின் பொறுப்பு. திருமறையின் 4:34, 65:6, 65:7 ஆகிய வசனங்கள் இதற்கு அடிப்படை. மனைவி செல்வம் படைத்தவளாக இருப்பினும், ஊதியம் ஈட்டுபவளாக இருப்பினும் இப்பொறுப்பு நீங்குவதில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ முதலிய ஷாஃபிஈ நூல்கள் அளவையே வரையறுத்துள்ளன: வசதியுள்ளவன் நாளொன்றுக்கு இரண்டு முத்து தானியம், நடுத்தரமானவன் ஒன்றரை முத்து, வறியவன் ஒரு முத்து. ஹனஃபி மத்ஹபு அளவைக் குறிப்பிடாமல் ‘போதுமான அளவு’ என்று கொள்கிறது. மற்றொரு வேறுபாடும் உண்டு. கணவன் கொடுக்கத் தவறிய ஜீவனாம்சம் ஷாஃபிஈகளிடம் தானாகவே கடனாகிவிடும். ஹனஃபிகளிடமோ, காஜியின் தீர்ப்போ இருவரின் உடன்பாடோ இருந்தால்தான் அது கடனாகும். ஆகவே ‘மாதம் இவ்வளவு’ என்று இருவரும் பேசி எழுதிக்கொள்வது ஹனஃபிக் குடும்பத்தில் சட்ட விளைவுடைய ஒரு செயல்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பிள்ளையின் செலவும் அதன் தந்தையைச் சாரும். தந்தை உயிருடன் இருந்து, தாய் மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்திருந்தால், அப்பொறுப்பு புதிய கணவருக்கு மாறுவதில்லை. 1997ஆம் ஆண்டு ‘நூர் சபா காத்தூன்’ வழக்கில் உச்ச நீதிமன்றமும், மணவிலக்குக்குப் பின்னரும் முஸ்லிம் தந்தை தம் பிள்ளைகளைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பளித்தது. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்கீழ் அதற்காக நீதிமன்றத்தை அணுகலாம். மாற்றாந்தந்தையின் பெருந்தன்மை பெற்ற தந்தைக்கு விடுதலைப் பத்திரமாகிவிடக் கூடாது.

தந்தை இறந்து பிள்ளை எத்தீமாகிவிட்டால், அப்பிள்ளைக்குச் சொந்தச் சொத்து உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் செலவு அதிலிருந்தே. இல்லாவிடில் ஷாஃபிஈகளின்படி தந்தைவழிப் பாட்டனார், அவருக்குப் பின் தாய். ஹனஃபிகளின்படி பாட்டனாரும் தாயும் இருந்தால் மூன்றில் இரு பங்கு பாட்டனாருக்கு, ஒரு பங்கு தாய்க்கு. இவ்வரிசையில் மாற்றாந்தந்தையின் பெயர் எங்கும் இல்லை. நான் அன்று சொன்ன ‘கடமையில்லை’ என்பதன் பொருள் இவ்வளவே.

தொழிலாளர் பகுதியில் எத்தீமின் சொத்து என்பது பெரும்பாலும் வீடோ நிலமோ அன்று, ஓய்வூதியமே. 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, இறந்த தொழிலாளியின் மனைவிக்கு வரும் ஓய்வூதியம் அவர் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். அதன்பின் பிள்ளைகளுக்கு அநாதை ஓய்வூதியம் கிடைக்கும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் விதவை ஓய்வூதியத்தின் 75 விழுக்காடு, ஒரே நேரத்தில் இரு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை. தாயின் வழியாக வந்தாலும் இத்தொகை தாயுடையதன்று, மாற்றாந்தந்தையுடையதும் அன்று. பிள்ளையின் பெயரில் நிலம் இருந்தாலோ இன்னும் எச்சரிக்கை தேவை. தாய் தானாகவே சொத்துக் காப்பாளராகிவிட மாட்டார் என்பதும், பிள்ளையின் நிலத்தை அவர் விற்றால் செல்லாது என்பதும் 1918இல் பிரிவி கவுன்சில் ‘இமாம்பந்தி’ வழக்கில் உறுதி செய்த நிலை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் அனுமதி பெற வேண்டும்.

அவ்வாறாயின் ஒரே வீட்டில் ஒரே உலை வைத்து உண்பது எங்ஙனம்? எத்தீமின் காசில் வாங்கிய அரிசியில் ஒரு பிடி மற்றவர் வயிற்றுக்குச் சென்றால் என்னாவது?

இக்கேள்வி நபித்தோழர்களையே கலங்கச் செய்தது. எத்தீம்களின் சொத்தை அநியாயமாக உண்போரைக் கண்டிக்கும் 4:10 போன்ற வசனங்கள் அருளப்பட்டபோது, அவர்கள் அஞ்சி, தம் பராமரிப்பிலிருந்த எத்தீம்களின் உணவைத் தனியே சமைத்தனர். மிஞ்சியதை வேறெவரும் தொடவில்லை; அது கெட்டுப்போகும் வரை அப்படியே இருந்தது. இந்நிலை அவர்களுக்குப் பெரும் சிரமமாயிற்று. அதன் பின்னரே 2:220ஆம் வசனம் அருளப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்படுகிறது. எத்தீம்களோடு கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்களே என்றும், சீர்திருத்துபவன் யார், சீர்குலைப்பவன் யார் என்பதை இறைவன் அறிவான் என்றும் அவ்வசனம் தெளிவுபடுத்தியது. தனி அரிசிப் பையின் கேள்விக்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே விடை வந்துவிட்டது.

இவ்வசனத்திற்கு அபூ உபைத் (ரஹ்) அவர்கள் அளித்த விளக்கத்தை இமாம் குர்துபீ (ரஹ்) தம் தஃப்ஸீரில் எடுத்தாள்கிறார். ஹிஜ்ரி 224இல் மறைந்த அவர், ‘கிதாபுல் அம்வால்’ என்னும் பொருளாதார நூலின் ஆசிரியர். பயணத் தோழர்கள் சமமாகப் பணம் போட்டுப் பொதுவில் உண்பதற்கு இவ்வசனமே மூலம் என்கிறார் அவர். ஒருவர் கூடுதலாக உண்பார், ஒருவர் குறைவாக உண்பார். எனினும் மனமொப்பிய பின் அது குற்றமாகாது. எத்தீமின் விஷயத்திலேயே இது அனுமதிக்கப்பட்டதென்றால், மற்றவர் விஷயத்தில் இன்னும் விசாலமானது என்பது அவர் கருத்து. ஒவ்வொரு கவளத்தையும் எண்ண வேண்டியதில்லை. ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற நியாயமான மதிப்பீடு வேண்டும். ஐயம் வந்தால் எத்தீமுக்குச் சாதகமாக அதைத் தீர்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். அம்பத்தூரில் ஒரு வீடு. கணவர் தொழிற்சாலையில் 32,000 ரூபாய் ஊதியம் பெறுகிறார். முதல் மனைவியின் மூலம் அவருக்கு ஒரு மகள். மனைவி பள்ளி ஆசிரியை; ஊதியம் 18,000 ரூபாய். இறந்த முதல் கணவரின் பிள்ளைகள் இருவர். அவர்களுக்குத் தலா 1,500 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. பாட்டனார் இல்லை, பொறுப்பேற்க வேறு உறவினரும் இல்லை. வீட்டு வாடகை 12,000. மளிகை, பால், எரிவாயு, மின்சாரம் ஆகியன 15,000. மொத்தம் 27,000 ரூபாய் என்று கொள்வோம்.

வாடகை கணவரின் பொறுப்பு. மனைவிக்கு உறைவிடம் தருவது அவர் கடமையல்லவா? ஏனைய 15,000 ரூபாயை ஐவருக்கும் பகிர்ந்தால் தலைக்கு 3,000. கணவர், மனைவி, அவருடைய மகள் ஆகிய மூவருக்கும் 9,000 ரூபாய் கணவரைச் சேரும். எத்தீம்கள் இருவருக்கும் 6,000. அதில் 3,000 அவர்களின் ஓய்வூதியத்திலிருந்து. எஞ்சிய 3,000 தாயின் ஊதியத்திலிருந்து. ஆகக் கணவர் 21,000, தாய் 3,000, பிள்ளைகளின் சொத்து 3,000. கணக்கு நேராகிவிட்டது. இதுவே கடமையின் எல்லைக்கோடு. தாயிடம் எஞ்சும் 15,000 ரூபாய் அவருக்கே உரியது. அதைக் கேட்டுப் பெறும் உரிமை கணவருக்கு இல்லை. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணவிலக்குச் சட்டம், மனைவியின் சொத்தைக் கணவன் விற்றழிப்பதையும் அதன்மீது அவளுக்குள்ள உரிமையைத் தடுப்பதையும் கொடுமையின் வகைகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது.

மனைவி தாமாகவே மேலும் கொடுக்க விரும்பினால் அது நற்செயல். ஆனால் கொடுப்பது அன்பளிப்பா, கடனா, சொத்தில் பங்கா என்பது அன்றே தெளிவாக வேண்டும். அன்பளிப்பைப் பின்னர் கடனென்று கேட்க இயலாது. கடனை எழுதி வைப்பது 2:282ஆம் வசனத்தின் கட்டளை. திருமுல்லைவாயிலிலோ பட்டாபிராமிலோ இருவர் பணத்திலும் மனை வாங்கிவிட்டு ஒருவர் பெயரில் மட்டும் பதிவு செய்வது பிற்காலப் பூசலுக்கு வித்து. 2005ஆம் ஆண்டு துபாயில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, மனைவி தம் பணத்தால் பங்களித்த வீட்டில் அப்பங்களிப்பின் அளவுக்கு உரிமை பெறுகிறார் என்று தீர்மானித்துள்ளது. பத்திரத்திலும் அவ்விகிதம் இடம்பெறுவதே முறை.

வாரிசுரிமையையும் மறத்தல் கூடாது. மாற்றாந்தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு இல்லை. ஆனால் வாரிசல்லாதோர் என்பதனாலேயே அவர்களுக்கு மூன்றில் ஒரு பகுதிக்குள் வஸிய்யத் செய்ய இடமுண்டு. வளர்த்த பிள்ளைக்கு எதையேனும் விட்டுச் செல்ல விரும்புவோர் இவ்வழியை நாடலாம்.

இதுவரை சொன்னவை நீதி. நீதிக்கு மேலே இஹ்ஸான் இருக்கிறது. உஹதுப் போரின் காயத்தால் அபூ ஸலமா (ரலி) அவர்கள் மறைந்தபின், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உம்மு ஸலமா (ரலி) அவர்களைப் பெண் கேட்டார்கள். தமக்குப் பிள்ளைகள் இருப்பதை அந்த அம்மையார் ஒரு தடையாகவே எடுத்துரைத்தார்கள். இன்றைய கைம்பெண்ணின் அச்சமும் அதுவே. அண்ணலார் அப்பிள்ளைகளின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். அப்பிள்ளைகளுக்குத் தாம் செலவிடுவதில் நன்மை உண்டா என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கேட்டபோது, உண்டு என்று விடை கிடைத்ததை புகாரீ, முஸ்லிம் இரண்டும் பதிவு செய்துள்ளன. தாய் தம் பணத்தைத் தம் பிள்ளைகளுக்குச் செலவிடுவது அவ்வீட்டில் தாழ்வாகக் கருதப்படவில்லை.

அப்பிள்ளைகளுள் ஒருவரே உமர் இப்னு அபீ ஸலமா (ரலி). உண்ணும்போது தம் கை தட்டு முழுவதும் அலைந்ததாகவும், அண்ணலார் தமக்கு பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகிலுள்ளதை உண்ணுமாறு கற்பித்ததாகவும் அவரே பிற்காலத்தில் அறிவித்தார். இந்நபிமொழியை நாம் உணவு ஒழுக்கத்திற்காக ஓதுகிறோம். அது நிகழ்ந்த இடத்தையும் சற்று நோக்க வேண்டும். அது மாற்றாந்தந்தையின் தட்டு. பிள்ளை கை நீட்டியதற்காக அல்ல, நீட்டிய முறைக்காகவே திருத்தப்பட்டது.

இன்று அதே கேள்வியுடன் எவரேனும் வந்தால், ‘கடமையில்லை’ என்று கூறிவிட்டு நான் எழுந்து விடுவதில்லை. நிக்காஹுக்கு முன்னரே இருவரும் அமர்ந்து பேசுங்கள், பிள்ளைகளின் ஓய்வூதியத்திற்குத் தனி வங்கிக் கணக்கும் ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். நிக்காஹ் நடத்தும் ஜமாஅத்துகளும் மஹரோடு இவ்வுடன்பாட்டையும் எழுதி வாங்குவதை வழக்கமாக்கலாம். பணத்திற்குக் குறிப்பேடு தனியாக இருக்கட்டும். உலையும் தட்டும் ஒன்றாகவே இருக்கட்டும்.