மெய்ந்நிகர் ஓவியக்கூடம்: மூலமும் படியும்

ஓவியத்தைக் காண விரும்புவார் அஃது உள்ள இடத்திற்குச் சென்றே காணவேண்டும் என்பது நெடுங்கால வழக்கு. திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில் மக்கள் ஒவ்வோர் ஓவியத்தையும் சுட்டி வினவ, உடன்வந்தார் ‘இவன் காமன், இவள் இரதி, இவள் அகலிகை, இவன் கௌதமன்’ என்னும் முறையில் விளக்கிய காட்சியைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் காட்டுகின்றது. காண்டலும் வினாவலும் விடைகூறலும் ஒருங்கு நிகழும் இடமே ஓவியக்கூடம் என்பது இதனாற் பெறப்படும். கூடத்தையே காண்பார் கண்முன் கொணரும் முறையும் இன்று உள்ளது. அதனை மெய்ந்நிகர்க் காட்சி என்பர். அதன் அமைப்பினையும், அது நம்பத்தக்கதாதற்கு வேண்டும் நெறியினையும் ஈண்டு ஆராய்வோம்.

மெய்ந்நிகர் என்பது மெய்யன்று, மெய்யை ஒப்பது. காண்பார் கண்களை மூடும் கருவி ஒன்றைத் தலையில் அணிவர். அதனுள் இரு கண்ணுக்கும் சிறிது வேறுபட்ட இருவேறு படங்கள் தோன்றும். அவ்வேறுபாட்டாலேயே ஆழம் புலனாகின்றது. தலை திரும்புந்தோறும் கருவி அதனை உணர்ந்து படத்தை மாற்றும். இம்மாற்றம் சிறிது காலந்தாழ்ப்பினும் காண்பார்க்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும். ஆதலின் நொடிக்கு ஏறத்தாழ 90 படங்கள் காட்டும் கருவிகள் பல ஆக்கப்பட்டுள்ளன.

இம்முறைக்குச் சிறந்த சான்று 2017-இல் தொடங்கப்பெற்ற கிரெமர் அருங்காட்சியகம். ஜார்ஜ் கிரெமர், இலோன் கிரெமர் என்னும் இணையர் பதினேழாம் நூற்றாண்டு டச்சு, பிளெமிய ஓவியங்களைத் தொகுத்தனர். அவற்றுள் எழுபதுக்கு மேற்பட்டவற்றைக் காட்சிப்படுத்தக் கல்லாலும் மண்ணாலும் கட்டடம் எழுப்பாது, மெய்ந்நிகர்க் கூடமே அமைத்தனர். யோஹான் வான் லீரோப் என்னும் கட்டடக்கலைஞர் அதனை வடிவமைத்தார். ரெம்பிராண்ட் இளமையில் தீட்டிய தலைப்பாகை அணிந்த முதியவர் ஓவியமும் அத்தொகுப்பில் உள்ளது.

இக்கூடத்திற்காக ஒவ்வோர் ஓவியமும் 2,500 முதல் 3,500 முறை ஒளிப்படம் எடுக்கப்பட்டது. ஓர் ஓவியத்திற்கு இத்துணைப் படங்கள் எற்றுக்கு எனின், கூறுதும். ஒரே புள்ளி பல கோணங்களினின்று எடுத்த படங்களில் வெவ்வேறிடத்தில் தோன்றும். அவ்வேறுபாட்டைக் கணித்து அப்புள்ளி நிற்கும் இடத்தைக் கணினி வரையறுக்கும். இங்ஙனம் எண்ணிறந்த புள்ளிகளை வரையறுத்து இணைத்தவழி, ஓவியத்தின் மேடுபள்ளம் உள்ளிட்ட முழுவடிவம் கிடைக்கும். இதனைப் போட்டோகிராமெட்ரி என்பர். தூரிகை விட்டுச்சென்ற வண்ணத் திரட்சியும் பழமையால் நேர்ந்த வெடிப்பும் இதனால் புலப்படும். தட்டையான ஓர் ஒளிப்படத்தில் இவை இத்துணை விளங்கா.

இப்பணியில் இடர்கள் பல. ஓவியத்தின்மேற் பூசிய வார்னிஷ் ஒளியை எறிந்து நிறத்தை மறைக்கும். விளக்கினை அமைக்கும் முறையால் அதனை விலக்கல் வேண்டும். நிறம் திரியாமைக்கு, அளவறிந்த நிறப்பட்டையை உடன்வைத்துப் படமெடுத்தல் வேண்டும். கிடைத்த வடிவம் மிகப் பெரிதாதலின், கருவி தாங்கும் அளவிற்கு அதனைச் சுருக்கவும் வேண்டும். சுருக்குங்கால் எதனை விடுவது, எதனைக் கொள்வது என்பது பொறியின் வேலை மட்டுமன்று. ஓவியம் அறிந்தாரின் தேர்வுமாகும்.

கூடம் அமைத்தலும் எளிதன்று. ஓவியம் தன் உண்மை அளவிலேயே தோன்றல் வேண்டும். சிற்றோவியம் சுவரளவு பெருகின் அதன் இயல்பு கெடும். கண்மட்டமும் நிற்கும் தொலைவும் ஒளியும் மெய்க்கூடத்திற் போலவே கருதப்படும். மெய்க்கூடத்தில் இயலாத ஒன்றும் இங்கு இயலும்: ஓவியத்தின் பின்புறத்தையும் காணலாம். ஓவியங்களின் பின்புறத்தே ஒட்டிய சீட்டுகளும் இட்ட முத்திரைகளும் அவை யார் யார் கைக்கு மாறின என்பதனை உணர்த்த வல்லன. ஏட்டின் இறுதியில் எழுதினோன் பெயரும் ஆண்டும் தேடும் நம்மனோர்க்கு இதன் பயன் விளக்க வேண்டுவதன்று.

இனி, வேறொரு வகை உண்டு. இலியனார்டோ மறைந்த ஐந்நூறாம் ஆண்டினையொட்டி, பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகம் 2019 அக்டோபரில் தொடங்கிய கண்காட்சியில் மோனாலிசாவைப் பற்றிய மெய்ந்நிகர்க் காட்சி ஒன்றும் இடம்பெற்றது. அவ்வோவியம் பாப்லர் மரப்பலகையில் தீட்டியது. ஏறத்தாழ 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் உடையது. கண்ணாடிக்குப் பின்னே இருத்தலானும் கூட்டத்தின் மிகுதியானும் அதனை அணுகிக் காண்டல் அரிது. மெய்ந்நிகர்க் காட்சியிலோ அப்பெண்மணி தூண்கள் நிற்கும் முன்றிலில் உயிருடன் அமர்ந்திருக்கக் காணலாம். ஆயின் இஃது ஓவியத்தின் படியன்று. அறிஞர் கருத்தைத் துணைக்கொண்டு விரித்த விளக்கம். கிரெமர் கூடம் மூலபாடத்தை ஒக்குமாயின் இஃது உரையை ஒக்கும். இரண்டும் வேண்டுவனவே. உரையை மூலமென மயங்கச் செய்தலே குற்றம்.

இம்மயக்கத்தைத் தவிர்க்கும் வழியை ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் செயல் ஒன்று காட்டுகின்றது. அது மெய்ந்நிகர்க் காட்சியன்றேனும் நெறி ஒன்றே. ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த ‘இராக்காவல்’ ஓவியத்தை 1715-இல் வேறிடத்திற்கு மாற்றியபோது, புதிய சுவரில் அடங்குதற்பொருட்டு நாற்புறமும் வெட்டினர். வெட்டுண்ட பகுதிகள் கிடைத்தில. ஆயின் வெட்டுமுன் கெரிட் லுண்டென்ஸ் என்பார் தீட்டிய சிறு படி எஞ்சியுள்ளது. அதனைக்கொண்டு, ரெம்பிராண்டின் நடையைக் கணினிக்குப் பயிற்றி, இழந்த பகுதிகளை 2021-இல் ஆக்கினர். ஆக்கியவற்றை மூல ஓவியத்தின்மேல் தீட்டாது, தனிப் பலகைகளாகச் சூழ நிறுத்திச் சில திங்கள் காட்டிப் பின்னர் நீக்கினர். 2022-இல் அவ்வோவியத்தை 8,439 ஒளிப்படங்களால் தொகுத்து, 717 பில்லியன் புள்ளிகள் கொண்ட படமாக வெளியிட்டனர். மூலத்தின் படி வேறாகவும், ஊகத்தால் நிரப்பியது வேறாகவும் நின்றமை கருதத்தக்கது. பரிபாடல் எழுபதுள் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. எஞ்சியவற்றைத் தாமே பாடிச் சேர்க்கப் பதிப்பாசிரியர் எவரும் துணிந்திலர். அவ்வடக்கமே இங்கும் வேண்டப்படுவது.

‘மூலம்தான் அருங்காட்சியகத்தில் உள்ளதே, படியில் பிழை நேரின் என்?’ என வினவுவார் உளர். 2018 செப்டம்பரில் பிரேசில் நாட்டுத் தேசிய அருங்காட்சியகம் தீக்கிரையாயிற்று. அதன் கூடங்களை முன்னரே கணினிவழிப் பதிந்து வைத்திருந்தமையால், அவ்வாண்டு இறுதியில் அவற்றைத் திரையில் உலாவிக் காணுதல் இயன்றது. அழிந்த கூடங்களை முன்பு காணாதார்க்கு இன்று அப்பதிவே சான்று. ஏடு செல்லரித்தபின் பதிப்பே மூலமாய் நிற்றலை நாம் அறிவோம். படி எடுப்பார் தம் காலத்தார்க்கு மட்டுமன்றி, மூலத்தைக் காணப்பெறாத பிற்காலத்தார்க்கும் கடன்பட்டவர் ஆவர்.

ஆகவே, மெய்ந்நிகர் ஓவியக்கூடம் அமைப்பார் மூன்றனைப் போற்றல் வேண்டும். மூலத்தின் படியில் ஊகம் கலவாமை ஒன்று. விளக்கத்தை விளக்கமெனவே காண்பார் உணருமாறு பிரித்து வைத்தல் இரண்டு. எப்பொழுது, எக்கருவியால், எம்முறையில் படியெடுத்தனர் என்பதனை முன்னுரைபோல் உடன்வைத்தல் மூன்று. இம்மூன்றும் பதிப்புத்துறைக்குப் புதியன அல்ல. ஆதலின் இத்தகைய கூடங்களை மதிப்பிடுங்கால், பொறிநுட்பம் அறியேம் எனத் தமிழாய்வாளர் ஒதுங்க வேண்டுவதில்லை. ஏடு ஒப்புநோக்கும் அதே கண்ணே இதற்கும் வேண்டுவது.