நியூபோர்ட் மேடையும் அதன் ரசிகர்களும்

ஜனங்கள் கூடி ஆடுவதற்காகவே வாசிக்கப்பட்டு வந்த ஒரு சங்கீதம், ஆட்டம் ஓய்ந்து, உட்கார்ந்து கேட்பதற்குரிய கலையாக மாறிவிடுமானால், அதற்குப் புதியதோர் இருப்பிடம் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் ஜாஸ் சங்கீதத்துக்கு அந்த நிலைமை இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஏற்பட்டது. 1930களில் பெரிய வாத்தியக் கோஷ்டிகள் நடன மண்டபங்களில் முழங்க, தேசமே அவற்றின் தாளத்துக்கு ஆடிற்று. யுத்தம் முடிந்ததும், அத்தனை பேரை வைத்துக் காப்பாற்றும் செலவு தாங்காமல் பல கோஷ்டிகள் கலைந்துபோயின. இளைய வித்வான்களோ, ஆடுவோரை மறந்து, கேட்போரையே மனத்தில் கொண்டு, வேகமும் நுட்பமும் மிகுந்த பீபாப் என்னும் பாணியை வளர்த்தார்கள். இவ்வாறு வெகுஜனங்களின் பிரியத்தை ஓரளவு இழந்து கௌரவத்தைச் சம்பாதித்துக்கொண்ட ஜாஸுக்கு, ரோட் ஐலண்டு மாகாணத்தில் செல்வந்தர்கள் கோடையைக் கழிக்கும் நியூபோர்ட் என்ற கடற்கரை நகரில், 1954ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு விழா எடுக்கப்பட்டது.

அந்நகரின் செல்வந்தர்களான லோரிலார்டு தம்பதிகள் பொருளுதவி செய்ய, பாஸ்டனில் ஜாஸ் விடுதி நடத்திவந்த பியானோ வித்வான் ஜார்ஜ் வீன் ஏற்பாடுகளைக் கவனித்தார். டென்னிஸ் ஆடும் புல்வெளிகளையுடைய ஒரு மனமகிழ் மன்றத்தின் திறந்தவெளியில், பில்லி ஹாலிடேயும் எல்லா ஃபிட்ஜெரால்டும் பாட, டிஸ்ஸி கில்லெஸ்பி எக்காளம் ஊத, நாற்காலிகளில் அமர்ந்து கேட்ட அந்தச் சபை, ஜாஸை ஒரு கலையாக மதித்துக் கேட்க வந்த சபை. ஆயினும் பழைய வாசனை அடியோடு போய்விடவில்லை. 1956இல் டியூக் எல்லிங்டன் கோஷ்டியில் பால் கொன்சால்வெஸ் தம் சாக்ஸஃபோனில் 27 சுற்றுகள் இடைவிடாமல் மனோதர்மமாக வாசித்துக்கொண்டு போனபோது, ஜனங்கள் எழுந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். மங்கியிருந்த எல்லிங்டனின் புகழ் அந்த ஓர் இரவிலே மறுபடி ஓங்கிற்று.

நாட்டுப் பாடல்களுக்கென்று 1959இல் அதே நகரில் தனி விழா ஒன்று தோன்றியது. 1963 முதல் அதில் ஒரு நல்ல சம்பிரதாயம் அனுஷ்டிக்கப்பட்டது: பிரசித்தி பெற்ற பாடகரானாலும், எங்கோ மலைக்கிராமத்திலிருந்து பிடிலோடு வந்த முதியவரானாலும், எல்லோருக்கும் சன்மானம் ஒன்றே, 50 டாலர். அப்படிப்பட்ட சபையில்தான் 1965 ஜூலை 25ஆம் தேதி இரவு, நாட்டுப் பாடகராகப் புகழ்பெற்றிருந்த 24 வயதான பாப் டிலன் மின்கிதாரை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். முந்தின வருஷம் பீட்டில்ஸ் என்னும் ராக் கோஷ்டியார் அமெரிக்காவில் வந்து இறங்கியதிலிருந்தே இளைஞரின் செவி மாறியிருந்தது. டிலனின் புதிய மின்னிசைப் பாட்டு ஒன்று வெளியாகி ஐந்து நாட்களே ஆகியிருந்தன. கோஷ்டியோடு அவர் மூன்று பாட்டுப் பாடினார். சபையில் கூச்சல் எழுந்தது. அதற்குக் காரணம் மின்கிதாரா, ஒலிபெருக்கியில் சொற்கள் தெளியாத குறையா, மூன்றே பாட்டோடு அவர் உள்ளே போய்விட்ட ஏமாற்றமா என்பதில் அன்று அங்கிருந்தவர்களுக்குள்ளேயே ஒத்த அபிப்பிராயம் இல்லை. திரும்பி வந்து சாதாரணக் கிதாரோடு அவர் இரண்டு பாட்டுப் பாடினார் என்பது நிச்சயம். அதே சபை அவற்றை ஆவலோடு கேட்டது என்பதும் நிச்சயம்.

ஜாஸ் விழாவின் சோதனை பின்னும் கடுமையானது. நாட்டில் இசைத்தட்டு வியாபாரத்தையே ராக் சங்கீதம் கைப்பற்றிக்கொண்டுவிட்ட அக்காலத்தில், இளைஞர் வராத விழா எத்தனை நாள் நடக்கும் என்ற கவலையால் போலும், வீன் 1969இல் மைல்ஸ் டேவிஸ், டேவ் புரூபெக், ஆர்ட் பிளேக்கி ஆகிய ஜாஸ் மேதைகளோடு லெட் செப்பலின், ஜெத்ரோ டல், ஸ்லையும் ஃபேமிலி ஸ்டோன் கோஷ்டியும் என்று ராக், ஃபங்க் இசைக்காரர்களையும் அழைத்தார். கூட்டம் வந்தது, இடமில்லாத கூட்டம் வேலியைத் தகர்த்துக்கொண்டும் வந்தது. மறுவருஷம் ராக் கோஷ்டிகள் மேடையேறவில்லை. ஆனால் 1971இல், டயோன் வார்விக் என்ற இனிய குரலுடைய பாடகி பாடிக்கொண்டிருந்தபோதே, வெளியே குன்றின்மேல் முகாமிட்டிருந்த இளைஞர்கள் வேலியை முறித்து மேடையேறி, பியானோவையும் நொறுக்கிவிட, விழா பாதியில் நிறுத்தப்பட்டது.

நியூபோர்ட்டை ராக் சங்கீதம் கெடுத்தது என்று இதைக் கொண்டு தீர்ப்பளிப்பது எனக்குச் சம்மதமன்று. சங்கீதம் எங்கும் தனியாக வருவதில்லை. கேட்கும் முறையையும் உடன் அழைத்துக்கொண்டே வருகிறது. நின்று கேட்பதும், மேடையை நெருங்குவதும், 1969ஆம் ஆண்டு விழா முடிந்த சில வாரங்களுக்குள் ஊட்ஸ்டாக் என்ற ராக் விழாவில் வேலி முடியாமலே அனுமதி இலவசமாகிவிட்டதைக் கண்டபின், விலை கொடுத்துத்தான் உள்ளே வரவேண்டுமோ என்று ஐயுறுவதும் அந்தத் தலைமுறையின் வழக்கமாயின. நாற்காலியில் அமரும் சபைக்கென்று வகுத்த இடத்தில், அமராத சபையை வரவேற்றதே பிழை. மேலும், வித்வான்கள் அந்தப் புதுமையை வெறுத்து ஒதுக்கினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த 1969ஆம் ஆண்டு விழாவுக்கு அடுத்த மாதமே மைல்ஸ் டேவிஸ் மின்பியானோவும் மின்கிதாரும் கலந்து ‘பிட்செஸ் ப்ரூ’ இசைத்தட்டைப் பதிவு செய்தார். ஜாஸ் ரசிகர் பலர் அதனால் மனம் நொந்தார்கள். புதிய ரசிகர் பல்லாயிரவர் அவ்வழியே ஜாஸுக்குள் பிரவேசித்தார்கள்.

1972இல் விழா நியூயார்க்கின் மண்டபங்களுக்குப் பெயர்ந்தது. 1981இல் நியூபோர்ட்டுக்கு மீண்டபோது, ஆடம்ஸ் கோட்டையைச் சார்ந்த கடலோரத் திடல் இடமாயிற்று; நாளொன்றுக்குச் சுமார் 10,000 பேருக்கு மேல் அனுமதிப்பதில்லை என்ற கட்டுப்பாடு இப்போதும் அங்கே நிலவுகிறது. இடையில் நின்றுபோயிருந்த நாட்டுப் பாடல் விழாவும் 1985இல் அதே இடத்தில் மீண்டும் தொடங்கிற்று. அண்மைக் காலங்களில், யார் யார் பாடப்போகிறார்கள் என்று அறிவிப்பதற்கு முன்பே அதன் அனுமதிச் சீட்டுகள் தீர்ந்துபோகின்றன. ஊரெங்கும் எந்தப் பாட்டு ஒலித்தாலும் சரி, இந்த விழா தேர்ந்து தருவதைக் கேட்போம் என்ற விசுவாசத்தோடு வரும் ரசிகர் கூட்டம் அங்கே உருவாகியிருக்கிறது. 2022 ஜூலையில், நோயினால் நெடுங்காலம் மேடையை விட்டு விலகியிருந்த ஜோனி மிட்செல், எவ்வித முன்னறிவிப்புமின்றி அங்கே தோன்றி, இளம் பாடகர்கள் புடைசூழ அமர்ந்து பாடினார். அன்று அதைக் கேட்டவர்களில் ஒருவரும் அவருக்காகச் சீட்டு வாங்கியவரல்லர்.