பழைய மோட்டாரின் புதிய மதிப்பு

ஜப்பானியப் பொருளென்றால் மலிவுச் சரக்கு என்று உலகம் எண்ணியிருந்த காலம் உண்டு. அவ்வெண்ணத்தை மாற்ற விழைந்த டொயோட்டா நிறுவனம், யமஹாவின் துணையோடு, 1967 முதல் 1970 வரை ‘2000 ஜிடி’ என்னும் விரைவு மோட்டாரைச் செய்தது. வெளிவந்தவை ஏறத்தாழ 350. அமெரிக்காவில் விலை ஏறக்குறைய 7,000 டாலர். அந்நாளைய ஜாகுவார் இ-டைப்பினும் மிகுதி! வாங்குவோர் அரியராயினர். 2022-இல், அவற்றுள் கரோல் ஷெல்பி பந்தயத்திற்கெனச் சீரமைத்த ஒன்று, ஏலத்தில் 25 லட்சம் டாலருக்குமேல் விலைபோயிற்று.

மகிழ்ச்சியே. ஆயினும், விலை ஏற ஏற வண்டிகள் வீதியை விட்டுக் காட்சிக்கூடம் புகுகின்றன. ஓடாத பொறி நாளடைவில் கெடும். ஆகவே, 2020 முதல் டொயோட்டா இவ்வண்டிக்கு உதிரிப் பாகங்களைப் புதிதாகச் செய்து தருவதையே நாம் பெரிதும் பாராட்டுகிறோம். நம் இல்லத்துப் பழைய தையல் இயந்திரத்தையும் எண்ணெயிட்டு ஓட்டி வருவோமாக!