வியர்வை கொட்டினால் கொழுப்பு கரையுமா? பாக்சிங் வாலிபர்கள் போடும் தப்புக்கணக்கு

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் குத்துச்சண்டை என்றால் தனி வெறி. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று தாத்தா காலத்து கதை இன்னும் டீக்கடையில் ஓடும். 1980-ம் ஆண்டு முகமது அலியே சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து காட்சிப் போட்டியில் கையுறை மாட்டினார்.

போட்டி நெருங்கினால் இங்குள்ள வாலிபர்களுக்கு எதிராளியை விட எடை மெஷின் மேல்தான் பயம். 60 கிலோ பிரிவு என்றால் 60-ஐ தாண்டக்கூடாது. அதனால் கொளுத்தும் வெயிலில் பிளாஸ்டிக் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓட்டம். ஒரு சொட்டு தண்ணி கிடையாது. “மச்சி, ஒரு மணி நேரத்துல ஒரு கிலோ காலி” என்று சந்தோஷம் வேறு.

காலி ஆனது என்ன?

நீங்களே கணக்கு போட்டுப் பாருங்கள். 1 கிலோ உடல் கொழுப்பு கரைய சுமார் 7 ஆயிரத்து 700 கலோரி செலவாக வேண்டும். 60 கிலோ வாலிபர் ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து பயிற்சி செய்தாலும் 600 கலோரி சுமாருக்குத்தான் செலவாகும். அது முழுவதும் கொழுப்பில் இருந்தே போனதாக வைத்துக்கொண்டாலும் 80 கிராம் கூட தேறாது. மீதி 900 கிராமுக்கு மேல் வெறும் தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும்.

தண்ணீர்தானே என்று நினைக்கக் கூடாது. தசைக்கு கிடைக்கும் சக்தியில் கால் பங்குதான் வேலைக்கு போகிறது. முக்கால் பங்கு சூடாக மாறுகிறது. அந்த சூட்டை வெளியே தள்ளுவது வியர்வை. ரேடியேட்டரில் தண்ணி இல்லாமல் கன்டெய்னர் லாரியை எண்ணூர் வரை ஓட்டினால் என்ன ஆகும் என்று டிரைவர்களுக்கு தெரியும். உடம்பும் அதே கதைதான்.

இன்னொரு விஷயம். வியர்வை வழிந்தால் உடம்பு குளிராது. அது ஆவியாக வேண்டும். 1 லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி சூடு உடம்பை விட்டு போகும். கீழே சொட்டினால் அந்த லாபம் இல்லை. கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம். துணி காயாத காற்றில் தோல் மட்டும் எப்படி காயும்? அதற்கு மேல் பிளாஸ்டிக் ஜாக்கெட் வேறு போட்டால் ஆவி போக வழியே இல்லை. வியர்வை ஆறாக ஓடும், உள்சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவும் குறையும். தசைக்கும் ரத்தம் வேண்டும், சூட்டை வெளியேற்ற தோலுக்கும் வேண்டும். இருப்பதோ கொஞ்சம். இதயம் படபடவென்று அடிக்கும். உடல் எடையில் 2 சதவீதம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ தண்ணீர் போனாலே ஆட்டம் தளரும். எடையில் ஜெயித்து ரிங்கில் தோற்பது இப்படித்தான்.

உயிரே போன சம்பவமும் உண்டு. 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். மூவருமே எடை குறைக்க ரப்பர் உடை போட்டு பயிற்சி செய்தவர்கள். அதன் பிறகு அங்கு கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைக்கு தடை வந்தது.

2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவு இறுதிப்போட்டி காலையில் 100 கிராம் அதிகம் என்று தகுதி இழந்ததை நாடே பார்த்தது. ராத்திரி முழுக்க போராடி, முடியைக் கூட வெட்டிப் பார்த்தார்கள். பதக்கம் போனது மட்டுமல்ல, உடம்பில் நீர் வற்றி அவர் சிகிச்சையும் எடுக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் எடையை எப்படித்தான் குறைப்பது? 2 மாதம் முன்பே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். வாரத்துக்கு அரை கிலோ போதும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் போனது என்று தெரிந்துவிடும். 1 கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டருக்கு சற்று அதிகமாக, கொஞ்சம் கொஞ்சமாக குடிக்க வேண்டும். உப்பு போட்ட மோர், கஞ்சி, நீராகாரம் எல்லாமே நல்லது. கலர் பாட்டில் பானம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சிறுநீர் அடர் மஞ்சளாக போனால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம்.

ஓடும் வாலிபர் உளறினாலோ, தள்ளாடினாலோ, சுருண்டு விழுந்தாலோ “ஒண்ணுமில்ல, மயக்கம்தான்” என்று விட்டுவிடக் கூடாது. உடல் வெப்பம் 40 டிகிரியை தாண்டியிருக்கலாம். ஜாக்கெட்டை கழற்றி நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்க குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒருவர் தண்ணீர் ஊற்றும்போதே இன்னொருவர் 108-க்கு போன் போட வேண்டும்.