எங்கள் ஆச்சியும் நாடக வாத்தியாரும்

எங்கள் ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரேஷன் கடையில் கட்டைவிரலைத்தான் நீட்டுவாள். ஆனால் உளுந்து உடைக்கத் திரிகை முன்னால் உட்கார்ந்துவிட்டால், வள்ளிக்கு ஒரு பாட்டு, வேலனுக்கு ஒரு பாட்டு, நாரதருக்கு ஒரு பாட்டு என்று மூன்று பேருக்கும் அவளே பாடுவாள். ஒரு சொல் தடுமாறாது.

"யார் ஆச்சி உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டால், "இது வாத்தியார் பாட்டுடீ. நாடக வாத்தியாரு" என்பாள். எந்த வாத்தியார், எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

எங்கள் ஊர் எப்போதும்வென்றான். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற ரோட்டில் எட்டயபுரம் தாண்டி வருகிறதே, அதுதான். கரிசல் காடு. மழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் உளுந்து, பாசி, மல்லி, மிளகாய் எல்லாம் களத்துக்கு வந்துவிடும். கையில் நாலு காசு புரண்ட பிறகுதான் கோயில் கொடை. கொடை என்றால் நாடகம் உண்டு. நாடகம் என்றால் பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'தான்.

ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். பாய், போர்வை, வறுத்த கடலை, தூக்குவாளியில் சுக்குக் காப்பி சகிதம் பெண்கள் எல்லாம் ஒரு பக்கமாக இடம் பிடித்துவிடுவோம். பபூன் வந்ததும் குழந்தைகள் சிரித்துவிட்டுத் தூங்கிப் போகும். ஆச்சி மட்டும் கண் இமைக்க மாட்டாள். மேடையில் வள்ளி ஒரு வரியை விட்டுவிட்டுத் தாண்டினால் போதும். "முழுங்கிட்டா பாரு!" என்று என் தொடையில் ஒரு கிள்ளு!

அந்த வாத்தியார் யாரென்று எனக்குத் தெரிய வந்தது கல்யாணமாகிப் போன ஊரில்தான். மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அவ்வை டி.கே. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' கையில் கிடைத்தது. அதிலே இருந்தார் ஆச்சியின் வாத்தியார். சங்கரதாஸ் சுவாமிகள். அவர் பிறந்தது காட்டுநாயக்கன்பட்டி, எங்கள் ஜில்லாவேதான்! 1867-ல் பிறந்தவர். எட்டயபுரத்துப் பாரதிக்குப் பதினைந்து வயது மூத்தவர்.

தகப்பனார் தமிழ் படித்தவர். பிள்ளைக்கு முதல் வாத்தியார் அவரே. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் போய் இலக்கணமும் யாப்பும் படித்தார். கொஞ்ச காலம் உப்பளத்தில் கணக்கு வேலை. இருபத்து நாலாம் வயதில் கணக்கு நோட்டை மூடிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளை நல்ல வேலையை விட்டுவிட்டு இப்படி ஒரு காரியம் செய்தால் நாம் சும்மா இருப்போமா? அன்றைக்கும் யாரும் சும்மா இருந்திருக்க மாட்டார்கள்.

எமன், இரணியன், சனீசுவரன் மாதிரி பயங்கர வேஷங்கள்தான் அவருக்கு. ஒரு நாள் சனீசுவரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனாராம். தண்ணீர் எடுக்க வந்த பெண் அந்தக் கோலத்தைப் பார்த்துப் பயந்து உயிரை விட்டுவிட்டாள் என்று சொல்வார்கள். எமன் வேஷத்தைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாகவும் ஒரு கதை உண்டு. அதோடு அவர் வேஷம் கட்டுவதை விட்டு, பாட்டு எழுதுவதும் சொல்லிக் கொடுப்பதுமே வேலை என்று வைத்துக்கொண்டாராம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, நடிகர் வாத்தியாரானது நிஜம். நடுவில் புதுக்கோட்டையில், கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தத்துப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு தாளம் கற்றுக் கொடுத்தார். ஆச்சி திரிகை சுற்றும் வேகத்துக்கு அந்தப் பாட்டுகள் கச்சிதமாகப் பொருந்தியதன் ரகசியம் இதுதானோ என்று நான் நினைத்துக்கொள்வேன்.

1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' என்று பையன்களே நடிக்கும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். பெரிய நடிகர்கள் சொன்னதைக் கேட்பதில்லை. இஷ்டத்துக்கு வசனம் பேசுவார்கள். பிள்ளைகளானால் சொன்னபடி படிப்பார்கள் அல்லவா? சண்முகம் அங்கே சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. ஆறு வயது! நம் வீட்டில் அந்த வயதுக்குச் சோறு ஊட்டுகிறோம். கம்பெனிப் பிள்ளைகளுக்குப் பெண் வேஷமும் உண்டு, ராஜா வேஷமும் உண்டு, ஊர் ஊராகப் பயணமும் உண்டு. மகரக்கட்டு வந்து தொண்டை உடைந்துவிட்டால் பாட்டும் போச்சு, வேஷமும் போச்சு. பாய்ஸ் கம்பெனிகளில் அடி உதை இல்லாமல் பாடம் நடக்காது என்பார்கள். இதையெல்லாம் படித்தபோது ஒரு தாயாக எனக்கு மனசு ஒப்பவில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பள்ளிக்கூடத்து வாசலே எட்டாத ஏழைப் பிள்ளைகள் பலருக்குச் சோறும் தமிழும் சங்கீதமும் கிடைத்த இடம் அதுதான் என்பதையும் மறைக்கக் கூடாது.

அந்தச் சின்னப் பையன் சண்முகம் அபிமன்யுவாக நடிக்க வேண்டும் என்று 'அபிமன்யு சுந்தரி'யை வாத்தியார் ஒரே ராத்திரியில் எழுதி முடித்தாராம். பாட்டு, வசனம் எல்லாம் சேர்த்து! அடித்தல் திருத்தல் இல்லாமல்!

பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், லவகுசா என்று நாற்பதுக்கு மேல் எழுதினார். அதனால் ஓர் அதிசயம் நடந்தது. எங்கள் ஊர்க் கொடைக்கு ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் வேறு எங்கிருந்தோ வருவார். ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். ஒத்திகையே கிடையாது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, ராத்திரி மேடை ஏறிவிடுவார்கள். எல்லாருக்கும் பாடம் ஒன்று, வாத்தியாருடைய பாடம். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்கிற இடத்தில் மட்டும் அவரவர் சாமர்த்தியம். இதற்குத்தான் ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 'வள்ளி திருமணம்' நடித்ததும் இந்த வழியில்தான்.

புத்தகத்தைப் படித்துவிட்டு ஊருக்குப் போய் ஆச்சியிடம் சொன்னேன். "நம்ம பக்கத்து ஆளா? அதான பாத்தேன்!" என்றாள், ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 1921-ல் வாத்தியாருக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் விழுந்தது. பேச்சும் போய்விட்டது. அத்தனை பேர் வாயில் பாட்டை ஏற்றியவர், வாய் பேசாமலே கம்பெனியோடு இருந்து, 1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். இதை ஆச்சியிடம் ஏனோ சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து ஆச்சிக்கே அது வந்தது. காலையில் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. "வாய்வாத்தான் இருக்கும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு மத்தியானம் வரை வீட்டிலேயே வைத்திருந்தோம். எங்கள் தப்புதான். முகம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் போனாலோ, பேச்சு குழறினாலோ தைலத்தைத் தேடாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

ஆச்சி நடந்தாள். ஆனால் பேச்சு திரும்பவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் பானையைக் காட்டுவாள். நாங்கள் சோறா, மாத்திரையா என்று கேட்க, கோபம் வந்து அழுதுவிடுவாள்.

அடுத்த வருஷக் கொடைக்கு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தோம். வள்ளி மேடைக்கு வந்து பாட ஆரம்பித்தாள். என் பக்கத்தில் ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் ஆச்சி! மெல்லிய குரலில், சொல் சொல்லாக, மேடையோடு சேர்ந்து பாடுகிறாள். பாட்டு முடிந்ததும், "ஆச்சி, பேசு ஆச்சி" என்று உலுக்கினேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

கோவில்பட்டியில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். மூளையில் பேச்சுக்கு ஒரு பக்கம் முக்கியம். ராகத்துக்கு மறுபக்கமும் கைகொடுக்கும். அதனால் பேச்சு போன சிலருக்குப் பாட்டு மிஞ்சும். ராகத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சுப் பயிற்சி கொடுப்பதும் உண்டு, ஆனால் எல்லாருக்கும் பலிக்காது என்றார்.

வீட்டுக்கு வந்து, வள்ளி பாட்டு மெட்டிலேயே "என்ன வேணும் ஆச்சி" என்று இழுத்தேன். என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆச்சி முறைத்தாள். மறுநாளும் இழுத்தேன். பத்துப் பதினைந்து நாள் அடுக்களையில் நான்தான் வள்ளி, நான்தான் வேலன்.

ஒரு மத்தியானம் மல்லி புடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, அதே மெட்டில், நடுங்கிக்கொண்டு வந்தது:

"தண்... ணீ..."

சுளகை அப்படியே போட்டுவிட்டுச் செம்பை எடுக்க ஓடினேன்.