நாள்காட்டி ஓரத்தில் ஒரு படத்தின் பெயர்

எங்கள் தெருமுனை டீக்கடையில் காலைப் பேப்பர் ஏழு மணிக்கெல்லாம் தனித்தனித் தாளாகப் பிரிந்து நாலு பெஞ்சுக்கும் போய்விடும். அன்றைக்கு டிவி நிகழ்ச்சிகள் போட்டிருந்த தாள் ஒரு தம்பியிடம் சிக்கியிருந்தது. பொழுதுபோகாமல் அதை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "சார், இந்த டிடி தமிழ்ல என்ன வரணும்னு யாரு முடிவு பண்றாங்க? விவசாயம், கச்சேரி, மருத்துவர் பேட்டி... யாருமே கேட்ட மாதிரி இல்லையே?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருந்தது. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தனியார் சேனலில் அடுத்த வாரம் என்ன வரும் என்பதைச் சென்ற வாரம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு முடிவு செய்கிறது. ஆள் குறைந்தால் கதாநாயகிக்கு விபத்து நடக்கும், இன்னும் குறைந்தால் தொடரே மதியத்துக்குத் தள்ளப்படும். அரசு நிலையத்தின் பட்டியல் வேறொரு காகிதத்திலிருந்து பிறக்கிறது. உள்ளே இருப்பவர்கள் அதை எஃப்.பி.சி. என்பார்கள். ஃபிக்ஸட் பாயிண்ட் சார்ட். பெயர்தான் மிரட்டும். விஷயம் நாம் எல்லோரும் அட்டை போட்டு வைத்திருந்த பள்ளிக்கூட டைம்டேபிள்தான். செவ்வாய்க்கிழமை முதல் பீரியட் கணக்கு என்பது மாறாது, அன்றைக்கு எந்தக் கணக்கு என்பது வாத்தியார் பாடு. அதேபோல வாரத்தின் ஏழு நாளும் அரைமணி அரைமணியாகக் கட்டம் கட்டப்பட்டிருக்கும். இந்தக் கட்டம் உழவருக்கு, இது குழந்தைகளுக்கு, இது கர்நாடக சங்கீதத்துக்கு, இது நாடகத்துக்கு என்று முதலில் இடம் ஒதுக்கிவிடுவார்கள். உள்ளே யாரை உட்கார வைப்பது என்பது அப்புறம்.

"அப்போ ஆளே பார்க்கலைன்னாலும் அந்தக் கட்டம் இருக்குமா?"

இருக்கும் தம்பி. ரயில்வேயில் கூட்டமே ஏறாத ஊரிலும் பாசஞ்சர் வண்டி நின்றுதானே போகிறது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அப்போது மாலையில் சில மணி நேரம்தான் ஒளிபரப்பு. அந்தச் சில மணிக்குள்ளேயே கட்டங்கள் நிரம்பிவிட்டன. குழந்தைகளுக்குக் கண்மணிப் பூங்கா, பெண்களுக்கு மனைமாட்சி, உழவர்களுக்கு வயலும் வாழ்வும், செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும். எங்கள் வயதுக்காரர்களுக்கு வாரத்தின் கிழமைகளே அப்படித்தான் மனதில் பதிந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை என்றால் அம்மாவுக்கு மாவிளக்கு, எனக்கு அரைமணி நேர சினிமாப் பாட்டு.

வயலும் வாழ்வும் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கிண்டல் செய்யாத பிள்ளையே அந்தக் காலத்தில் கிடையாது. படத்துக்கோ பாட்டுக்கோ காத்திருக்கும்போது ஒரு வேளாண் அதிகாரி வயலின் வரப்பில் நின்றுகொண்டு புகையான் தாக்குதலைப் பற்றி நிதானமாக விளக்குவார். நெல் தூரை விரலால் விலக்கி, தண்டின் அடியில் அப்பிக்கிடக்கும் பழுப்புப் பூச்சிகளைக் காட்டுவார். கேமரா அதைவிட நிதானமாக நகரும். நாங்கள் தரையில் உருளுவோம். ஆனால் அந்த நிகழ்ச்சியில் அடுத்த வாரம் என்ன வரும் என்பதை டிவி பக்கமே போகாத என் சித்தப்பா சரியாகச் சொல்லிவிடுவார். சம்பா நாற்றங்கால் காலத்தில் விதை நேர்த்தி வரும். நடவு முடிந்தால் களையும் மேலுரமும் வரும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வயலில் தேங்கிய தண்ணீரை எப்படி வடிப்பது என்று வரும். நிலையத்தில் யாரும் உட்கார்ந்து ஆக்கிய பட்டியல் அல்ல அது. பயிர் போட்ட பட்டியல்.

தம்பிக்கு இது பிடித்துவிட்டது. பேப்பரை மடித்து வைத்தார்.

சரி, கட்டம் தயார். அதற்குள் வருவதை எப்படி நிரப்பினார்கள்? நிலையத்துக்குள்ளேயே தயாரித்தவை பாதி. வெளியார் தயாரித்துக் கொண்டுவந்த தொடர்கள் மீதி. இந்தத் தொடர்களில் பதின்மூன்று என்ற எண்ணை அடிக்கடி பார்க்கலாம். பதின்மூன்று வாரம், பதின்மூன்று பகுதி. வருஷத்துக்கு 52 வாரம், நாலால் வகுத்தால் 13. காலாண்டுக்கு ஒருமுறை கட்டங்களைக் கலைத்து அடுக்கலாம் என்பதால் தொடரையும் அந்த அளவுக்கே வெட்டினார்கள். கே. பாலசந்தரின் ரயில் சிநேகம், எஸ்.வி. சேகரின் வண்ணக் கோலங்கள், காத்தாடி ராமமூர்த்தி நடித்த துப்பறியும் சாம்பு எல்லாம் இந்த ஏற்பாடு நடந்துகொண்டிருந்த காலத்தின் சரக்கு. ஆயிரம் பகுதி ஓடும் தொடர்களைப் பார்த்துப் பழகியவருக்கு இது அநியாயச் சிக்கனமாகத் தோன்றும். எனக்கென்னவோ கதை எழுதுகிறவனுக்குப் பதின்மூன்று வாரக் கெடு நல்லதுதான் செய்தது. முடிவு தெரிந்தால்தான் கதை தொடங்கவே முடியும்.

காசு? 1976 ஜனவரி முதலே தூர்தர்ஷனில் விளம்பரம் உண்டு. தொடர்கள் வந்தபோது விளம்பரதாரர் நிலையத்துக்கு ஒரு கட்டணம் கட்டுவார், பதிலுக்கு நிகழ்ச்சியோடு ஒட்டி இத்தனை வினாடி அவருடைய விளம்பரம் ஓடும். அந்த வினாடிகளுக்கு எஃப்.சி.டி. என்று பெயர். பாட்டுக்கும் படத்துக்கும் விளம்பரதாரர் வரிசையில் நிற்பார். நெல் தூரை விலக்கிக் காட்டும் அதிகாரிக்கு அப்படி யார் நிற்கப்போகிறார்கள்? முதலிலேயே கட்டம் கட்டி ஒதுக்கியதன் உபயோகம் இங்கேதான் புரிகிறது. விலைக்குப் போகாத அரைமணியும் யாரும் தொட முடியாத அரைமணியாக இருந்தது.

டீ வந்தது. தம்பி அடுத்த சந்தேகத்தைக் கிளப்பினார். "இதெல்லாம் ஜனங்களுக்கு எப்படி சார் தெரியும்? ப்ரோமோ எல்லாம் உண்டா?"

ப்ரோமோ என்ன, ஒரு நிகழ்ச்சியே உண்டு. முன்னோட்டம் என்று பெயர். வரும் வாரம் என்னென்ன வரப்போகிறது என்று அறிவிப்பாளர் ஒருவர் உட்கார்ந்து வரிசையாகச் சொல்வார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதற்கு இருந்த கூட்டத்தை இன்றைக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். காரணம் ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை மாலைத் தமிழ்ப் படத்தின் பெயர்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் அப்பா தினசரி காலண்டருக்குக் கீழே பென்சிலோடு நிற்பார். பேர் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் தேடி எடுத்து, ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதிவைப்பார். அந்தத் தெருவில் டிவி வைத்திருந்த வீடுகள் மூன்றுதான் என்பதால், தாளைப் பார்த்துப் போக வாசல் வரை ஆள் வரும். ஒரு முறை பேர் சொல்லும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கறுப்பு வெள்ளைப் படம், சிவாஜி, 'பா' என்று தொடங்குகிறது என்ற அளவுக்குத்தான் அப்பா காதில் விழுந்திருந்தது. காலண்டரில் 'பா...?' என்று போட்டுவைத்தார். பாசமலரா, பாவமன்னிப்பா, பாலும் பழமுமா, பார்த்தால் பசி தீருமா? ஒரு வாரம் முழுக்கத் தெருவே பந்தயம் கட்டியது. இந்த 'பா' வரிசைக்காகவே இயக்குநர் பீம்சிங்கை என் அத்தை அந்த வாரம் நாலு முறை திட்டினார்.

முன்னோட்டத்துக்கு ஜோடியாக எதிரொலி. நேயர்கள் எழுதிப்போட்ட கடிதங்களைப் படித்து, நிலையத்தின் சார்பில் பதில் சொல்வார்கள். ஏன் இந்தப் படத்தைத் திரும்பப் போட்டீர்கள், ஏன் நாடகத்தில் ஒலி சரியில்லை என்று கேட்பார்கள். பதில்கள் பெரும்பாலும் மழுப்பல்தான். இருந்தாலும் இந்த இரண்டையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். வரும் வாரம் இன்னது தருவேன் என்று முன்கூட்டியே சொல்வது ஒன்று, தந்ததைப் பற்றி ஏசினால் உட்கார்ந்து கேட்பது மற்றொன்று. போஸ்ட் கார்டு செலவுதான், ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது.

இதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெல்லியிலிருந்து மாநில மொழிப் படம் ஒன்று வரும். விருது வாங்கிய படங்கள். அது அகரவரிசைப்படி சுற்றி வந்தது, ஆனால் ஆங்கில அகரவரிசை. அசாமியில் தொடங்கி வங்காளம், குஜராத்தி, கன்னடம் என்று போய்த் தமிழுக்கு வருவதற்குள் பருவமே மாறிவிடும். நம் அ, ஆ வரிசையில் அடுக்கியிருந்தால் தமிழ் மராத்திக்கும் மலையாளத்துக்கும் வங்காளத்துக்கும் முன்னால் வந்திருக்கும். இந்த நியாயத்தை அப்பா எதிரொலிக்கு எழுதிப் போடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், கடைசி வரை போடவில்லை. பாட்டும் சண்டையும் இல்லாத ஒரியப் படங்களை நாங்கள் அரைத் தூக்கத்தில் பார்த்தது அந்த வரிசையின் புண்ணியம்.

அறிவித்த பட்டியல் மாறாமல் இருந்ததா என்றால், இல்லை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை அந்தத் தலைமுறையின் குடும்ப உறுப்பினர். தலைவர்கள் மறைந்தால் பட்டியல் மொத்தமும் போய்விடும். படம் இல்லை, பாட்டு இல்லை, வீணையும் ஷெனாயும் மட்டும் இழைந்துகொண்டிருக்கும். டிவியைப் போட்டதும் சோக இசை கேட்டால் யார் என்று கேட்டுக்கொண்டே வீட்டுப் பெரியவர்கள் ஓடிவருவார்கள். தேர்தல் வாக்கு எண்ணும் ராத்திரிகளில் இதற்கு நேர்மாறு. முடிவுகளுக்கு நடுவே இடைவெளியை நிரப்பப் படம் போடுவார்கள். அரசியல் பிடிக்காதவர்களும் விடிய விடிய விழித்திருந்தது அதனால்தான்.

தம்பி இப்போது கையிலிருந்த ஃபோனில் தேட ஆரம்பித்திருந்தார். நடந்ததை அவருக்குச் சுருக்கமாகவே சொன்னேன். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது, கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1997 நவம்பரில் தூர்தர்ஷனும் வானொலியும் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்தன. தன்னாட்சி என்ற சொல் செய்தி அறிக்கை வரை எட்டியதா என்பது டீக்கடையில் தீராத வழக்கு. சென்னை அலைவரிசை பொதிகை ஆனது, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று மறுபடி பெயர் மாறியது. கேபிள்காரர் தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1995 சட்டம் சொல்கிறது. எத்தனையாவது எண்ணில் கொடுக்கிறார் என்பதுதான் நமக்கு ஞாபகம் இருப்பதில்லை.

"முன்னோட்டமும் இல்ல. அப்போ அடுத்த வாரம் என்ன வரும்னு தெரிஞ்சுக்க வழி?"

பஞ்சாங்கம், என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கார்த்திகை தீபத்தன்று மாலை திருவண்ணாமலை, சித்திரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் மதுரை, குடியரசு தினத்தன்று டெல்லி அணிவகுப்பு. இவற்றைப் பேப்பர் பார்க்காமலே சொல்லிவிடலாம். இவற்றில் சில நிலையத்துக்குப் பெரிய தலைவலியும்கூட. தீபம் மாலை ஆறு மணி வாக்கில் என்று தெரியும். அழகர் அப்படி இல்லை. வழியெல்லாம் மண்டகப்படி, எதிரே லட்சக்கணக்கில் ஜனம். விடியற்காலையில் ஆற்றங்கரையில் கேமராக்களும் வண்டியும் தயாராக நிற்க, வர்ணனை செய்கிறவர் சொன்னதையே வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருப்பார். அரைமணிக் கட்டத்துக்குள் சாமி அடங்காது. அதனால் அந்தக் காலைக்கு மட்டும் கட்டத்தை நெகிழ்த்தித்தான் வைக்க வேண்டும். முன்னும் பின்னும் எடுத்துப்போட ஒரு பாட்டு, ஒரு சின்னப் படம் என்று கைவசம் வைத்திருப்பார்கள். ஃபில்லர் என்பது அவற்றின் பெயர். 1988 ஆகஸ்ட் 15 அன்று முதலில் வந்த மிலே சுர் மேரா துமாரா நம் தலைமுறைக்கு மனப்பாடம் ஆனது இப்படி இடைவெளியில் விழுந்து விழுந்துதான். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் தமிழ் வரி வரும் இடத்துக்காக எங்கள் வீட்டில் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள்.

தம்பி ஃபோனைப் பையில் போட்டுவிட்டு, கல்லாவுக்கு மேல் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "சரி சார், இந்த மாசம் என்ன வரும்? சொல்லுங்க பார்ப்போம்."

எழுந்து போய்த் தாள்களைப் புரட்டினேன். புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி, தியாகராஜ ஆராதனை. திருவையாற்றில் காவிரிக்கரைப் பந்தலில் பாடகர்கள் எதிரெதிர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். புல்லாங்குழல் முடிந்ததும் நாட்டை ராகத்தில் ஆரம்பிப்பார்கள். அப்புறம் கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. வருஷா வருஷம் நேரலை.

"எத்தனை மணிக்கு?"

"காலை ஒன்பது வாக்கில் டிவியைப் போட்டு வையுங்க."

மாஸ்டரிடம் பென்சில் கேட்டு வாங்கினார். பஞ்சமித் தாளின் ஓரத்தில், எமகண்டத்துக்குப் பக்கத்தில், '9, டிடி' என்று எழுதினார். கடைக்காரர் எட்டிப் பார்த்து, அது என்ன கடன் பாக்கியா என்று கேட்டார்.